பெயர் கொடுக்காத பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,

இரவு டி.வி.யில் கோடி ரூபாய் வினாடி வினா ஓடும்போது, நான்கு விடைகளும் திரையில் விழும் முன்பே பதிலைச் சொல்லிவிடும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். பிள்ளைகளோடு உட்கார்ந்து சமூக அறிவியலை இரண்டாம் தடவை படித்து முடித்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பு குரூப் 4 எழுதி, ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் வேலையைத் தவறவிட்டவர்கள். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளையும் வாசித்துவிட்டுத்தான் தூக்கிப்போடுகிறவர்கள். "நீ போயிருந்தா ஜெயிச்சிருப்பே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுத்த முறை போட்டியாளர் பதிவுக்கான அறிவிப்பு வரும்போது நீங்கள் பெயர் கொடுக்க மாட்டீர்கள்.

கிளை நூலகம் ஒன்றில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்களையும், மதியம் ஒரு மணி நேரம் கிடைத்தால் நாவல் மாற்ற வரும் பெண்களையும் தினமும் பார்த்திருக்கிறேன். இதுபோன்ற நிகழ்ச்சிகளுக்குச் சிலர் பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். ஆடிஷன்வரை நானும் போய் வந்திருக்கிறேன். விடை தெரியாமல் வெளியே நின்ற பெண்கள் குறைவு. பெயரே கொடுக்காமல் வெளியே நின்றவர்கள்தான் மிக அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூலம், 1998 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்'. அடுத்த ஆண்டு அது அமெரிக்காவுக்குப் போனது. அங்கே கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண்ணில் யார் வேண்டுமானாலும் அழைத்து, கேள்விக்குப் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லலாம். அழைப்பது ஆணா பெண்ணா என்று அந்த இயந்திரம் பார்க்காது. இருந்தும் போட்டியாளர் நாற்காலிவரை வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள். இது பெரிய பேச்சாகி, பெண்களும் மற்ற இனத்தவரும் அழையுங்கள் என்று தொகுப்பாளர் ரீஜிஸ் ஃபில்பினே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. கதவு திறந்திருந்தது, பெண்கள் அதைத் தட்டவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டு வென்றவர் ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2000 நவம்பரில் வென்ற அந்த ஜூடித் கெப்பல் தோட்டம் வடிவமைப்பவர். இடம் கிடைக்கும்வரை விடாமல் போன் செய்தவர். பின்னாளில் 'எக்ஹெட்ஸ்' என்ற இன்னொரு வினாடி வினாவில் பல ஆண்டுகள் நிரந்தர உறுப்பினராக இருந்தார்.

இந்தியாவுக்கு வருவோம். 'கௌன் பனேகா க்ரோர்பதி' (கே.பி.சி.) என்ற இந்தி நிகழ்ச்சி 2000 ஜூலை 3 அன்று தொடங்கியது. அதில் 2020-ஆம் ஆண்டுப் பருவத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். கொரோனா காரணமாக அந்த ஆண்டு போட்டியாளர் தேர்வு முழுவதும் முதல்முறையாக இணையத்துக்கு மாறியது. பதிவு, பொது அறிவுத் தேர்வு, தன்னைப் பற்றிய வீடியோ, நேர்காணல் எல்லாமே அவரவர் வீட்டிலிருந்து. ஊர்விட்டு ஊர் போய் வரிசையில் நிற்க வேண்டாம், துணைக்கு ஆள் தேட வேண்டாம். அந்தப் பருவத்தில் ஒரு கோடி வென்றவர்கள் நான்கு பேர்: நாஜியா நசீம், மோஹிதா சர்மா, அனுபா தாஸ், நேஹா ஷா. நால்வரும் பெண்கள். ஆடிஷன் வீட்டுக்கு வந்ததால்தான் இப்படி நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஐ.பி.எஸ். அதிகாரியான மோஹிதா சர்மா, அந்த நாற்காலிக்குப் பல ஆண்டுகளாக முயன்றவர் தன் கணவர்தான் என்று நிகழ்ச்சியிலேயே சொன்னார். கணவருக்கு வராத அழைப்பு மனைவிக்கு வந்தது.

ஏன் அப்படி வந்தது என்பதற்கு விளக்கம் எளிது. பதிவு நாட்களில் டி.வி.யில் ஒரு கேள்வி கேட்பார்கள். செயலியிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ பதில் அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை பேரையும் அழைக்க முடியாது. கணினி குலுக்கிப் போட்டுச் சிலரை எடுக்கும். முதல் படி பாதி அதிர்ஷ்டம். அழைப்பு வரவில்லை என்றால் உங்கள் அறிவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை அனுப்பிப் பார்த்து, வரவில்லை என்றதும் "நமக்கெல்லாம் எங்கே" என்று விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆண்கள் அப்படி விடுவதில்லை. பதிவு நடக்கும் எல்லா நாளும், எல்லாக் கேள்விக்கும் அனுப்புகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எந்த எண்ணிலிருந்து அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். குலுக்கலில் பெயர் வந்தால் அழைப்பு பதிவு செய்த எண்ணுக்குத்தான் போகும். பல வீடுகளில் அது கணவரின் எண், அல்லது மகனின் எண். கணினி அழைத்துக் கேள்வி கேட்கும்போது போன் வயலிலோ, லாரியிலோ, கல்லூரி பெஞ்சிலோ இருந்தால் அந்த வாய்ப்பு அங்கேயே போய்விடும். 2019-இல் ஒரு கோடி வென்ற பபிதா தாடே, மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில் பள்ளிச் சத்துணவுச் சமையல்காரர். மாதச் சம்பளம் 1,500 ரூபாய். பரிசுப் பணத்தில் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டபோது, தனக்கென்று ஒரு செல்போன் என்றார். குடும்பத்துக்கே ஒரே போன்தான் இருந்தது. அந்த நிலையிலும் அவர் நாற்காலிவரை வந்தார். வீட்டில் ஒரே போன் இருந்தால், பதிவு நடக்கும் வாரங்களில் அது உங்களிடம் இருக்கட்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொலைபேசிச் சுற்றைத் தாண்டினால் ஆடிஷன். நான் போனது ஒரு பெரிய கூடம். போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலிருந்து கூட்டமாக வந்திருந்த பையன்கள்தான் அதிகம். பெண்கள் அங்கொருவர் இங்கொருவராக, அநேகமாக எல்லோரும் அண்ணனோடோ கணவரோடோ வந்திருந்தார்கள். முதலில் பொது அறிவுத் தேர்வு. கொஞ்ச நேரம், நிறையக் கேள்விகள். யோசித்துக்கொண்டு நிற்காமல் தெரிந்ததைக் குறித்துவிட்டு நகர வேண்டும். இதில் நம் பெண்களுக்குச் சிரமம் இருக்காது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை சமச்சீர்ப் புத்தகங்களும், ஒரு நல்ல இயர் புக்கும், தினமும் ஒரு செய்தித்தாளும் போதும். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1927-இல் உறுப்பினராகி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்ற இடத்தைப் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சாகித்திய அகாதெமி விருது பெற்ற முதல் தமிழ்ப் பெண் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன், 1975-இல் தமிழுக்கு முதல் ஞானபீடம் கொண்டுவந்த அகிலன். இந்தப் பெயர்களை எல்லாம் எங்கள் நூலகத்துக்கு வரும் பெண்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

சிரமம் அடுத்த அறையில் இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு கேமரா ஓடும். பொது அறிவைக் கேட்க மாட்டார்கள், உங்களைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு முன்னால் போன பெண்ணிடம் "என்ன பண்றீங்க?" என்று கேட்டது கதவுக்கு வெளியே கேட்டது. "ஒண்ணும் பண்ணலைங்க, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்றார். எழுத்துத் தேர்வை வேகமாக முடித்துவிட்டு எழுந்தவர் அவர். காத்திருந்த நேரத்தில் பல்லவர் காலக் குடைவரைகளைப் பற்றி என்னிடம் அத்தனை தெளிவாகப் பேசியவர். அந்த ஒரு வாக்கியம் அவரைப் பற்றிய அத்தனையையும் அழித்துவிட்டது. உள்ளே இருப்பவர்கள் தேடுவது ஒரு மணி நேரம் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய ஆளை. தெளிவாகப் பேசுகிறாரா, தயங்காமல் முகம் பார்க்கிறாரா, இவர் ஜெயிக்க வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தோன்றுமா என்று பார்க்கிறார்கள். 'சும்மா இருக்கேன்' என்று சொன்னவரிடம் அடுத்து என்ன கேட்பதென்று அவர்களுக்கே தெரியாது.

சும்மா இருக்கும் பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. என்ன செய்கிறீர்கள், என்ன படித்தீர்கள், எதில் உங்களுக்குப் பிடி அதிகம் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம். ஆள் முன்னால் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு வரலாறு முழுவதும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், சோழர்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லும் பெண்ணை எந்தத் தேர்வுக் குழுவும் சட்டென்று அனுப்பிவிடாது.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. இந்த நிகழ்ச்சிகள் துக்கத்தை விரும்புகின்றன. கடன், நோய், விட்டுப்போன கணவன், இறந்துபோன அப்பா என்று பெண்களிடம் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். கேள்வி வருவதற்கு முன்பே கண்ணீர் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. துக்கம் இருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். ஆனால் அங்கே சொன்னது யூடியூபில் எத்தனை ஆண்டுகளானாலும் இருக்கும். உங்கள் மகனின் வகுப்புத் தோழன் பார்ப்பான், மகளுக்கு வரன் பேச வருபவர்கள் பார்ப்பார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லவே கூடாது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அழுத்திக் கேட்டால், "அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று சொல்லலாம். அதனால் வாய்ப்புப் போகும் என்றால் போகட்டும். உங்கள் அறிவுக்காக ஒரு நாற்காலி கேட்கிறீர்கள், அதற்கு உங்கள் வீட்டுக் கண்ணீரை விலையாகக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

தேர்வாகிப் படப்பிடிப்புக்கே போய்விட்டீர்கள் என்று வையுங்கள். அங்கும் நேராக ஹாட் சீட் கிடையாது. வழக்கமாகப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து, விரைவாக விரல் அழுத்தும் சுற்று ஒன்று வைப்பார்கள். நான்கு பெயர்களைச் சொல்லப்பட்ட வரிசையில் அடுக்க வேண்டும், கையில் இருப்பது சில விநாடிகள். சரியாகவும் எல்லோருக்கும் முன்பாகவும் அடுக்கியவர் மட்டும் எழுந்து போவார். அத்தனை தூரம் வந்தும், மேடையில் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நம் ஆறுகள் கடலில் சேரும் இடங்களை வடக்கிலிருந்து தெற்காக அடுக்குங்கள்: பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. முதலமைச்சர்களைப் பதவியேற்ற வரிசையில்: 1952 ராஜாஜி, 1954 காமராஜர், 1963 பக்தவத்சலம், 1967 அண்ணா. சந்திரயான் 1, மங்கள்யான், சந்திரயான் 2, சந்திரயான் 3 என்று விண்கலங்களை ஏவிய வரிசையில். தினமும் சிலவற்றைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லி, போன் விசைகளில் விரலால் அழுத்திப் பழகுங்கள். மூளைக்குத் தெரிந்தது விரலுக்கும் போக வேண்டும்.

நாற்காலிக்கு வந்தபின் என்ன செய்வது என்று அதிகம் சொல்லப்போவதில்லை, அது உங்கள் நேரம். லைஃப்லைன் என்ற உதவிகளைக் கடைசிக்கென்று சேமித்து வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். சினிமாப் பாட்டு, பழமொழி என்று வரும் முதல் சில கேள்விகளிலேயே தடுமாறி வெளியேறியவர்கள் உண்டு. உறுதியாகத் தெரியாதபோது உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. நண்பருக்கு போன் செய்யும் உதவி இருந்தால், யாரை அழைப்பீர்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் என்பதற்காக ஒருவர் பெயரைக் கொடுக்காதீர்கள். விளையாட்டு உங்களுக்கு வராது என்றால் விளையாட்டு தெரிந்தவர் பெயரைக் கொடுங்கள்.

பணம் பற்றியும் தெளிவாக இருங்கள். இத்தகைய பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு. சம்பளத்துக்கு இருப்பதுபோல அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. 3,20,000 ரூபாய் வென்றால், வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 99,840 ரூபாய் அரசுக்குப் போய்விடும். தொகை பெரிதானால் மேல்வரியும் சேரும். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்; புரியாவிட்டால் கேளுங்கள்.

இன்னொன்று, மிகக் கவனமாக. "உங்கள் எண்ணுக்குக் கே.பி.சி. லாட்டரியில் 25 லட்சம் விழுந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவும், தொகுப்பாளர் அமிதாப் பச்சன் படம் போட்ட சான்றிதழும் முழு மோசடி. டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பலர் பதிவுக் கட்டணம், வரிப் பணம் என்று கட்டி ஏமாந்திருக்கிறார்கள். கலந்துகொள்ளாத போட்டியில் யாருக்கும் பரிசு விழாது. ஆடிஷனுக்கு வரச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். ஓ.டி.பி. கேட்டாலும் அப்படியே. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நம் மொழியில் இந்த மேடை தொடர்ந்து இருக்கவில்லை என்பது உண்மையான குறை. சன் டி.வி.யில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', 2012-இல் விஜய் டி.வி.யில் சூர்யாவோடு தொடங்கி பிறகு பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று விட்டு விட்டுத்தான் வந்தது. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி'யைத் தொடங்கியது, ராதிகா சரத்குமார் நடத்தினார். ஜனவரி 2020-இல் அதில் ஒரு கோடி வென்றவர் மதுரை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராக இருந்த கௌசல்யா கார்த்திகா. அவருக்குக் காது கேட்காது, பேச வராது. வென்ற பணத்தில், தான் படித்த நாகர்கோவில் செவித்திறன் குறைந்தோர் பள்ளிக்கு உதவ வேண்டும் என்றார். கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்தான் அந்த ஆட்டமே. கேட்கவும் பேசவும் முடியாத ஒரு பெண் அதை வென்று காட்டினார். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இன்னும் தயங்குபவர்கள் அவரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தமிழ் நிகழ்ச்சி எந்தச் சேனலில், எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது பதிவுக்குச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஓட முடியாது, இப்போதே செய்துவைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. உங்கள் பெயரில் ஒரு சிம். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. ஆதாரிலும் பான் கார்டிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில், கணவர் பெயர் ஒன்றில் என்று மாறியிருந்தால் பரிசுப் பணம் கைக்கு வரும்போது தொல்லை. பான் கார்டே இல்லாதவர்கள், ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருந்தால், வருமான வரித் துறையின் இணையதளத்தில் இ-பான் கட்டணமில்லாமல் பெறலாம். இந்த வாரமே அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழி,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்